வாசல் இருக்கிற ரோட்டில் வேகம் எதற்கு?

1.
நைட் ட்யூட்டி. விடிகாலை 5.20. "ஆர்.டி.ஏ. சார்" என்று 108 தம்பி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். 62 வயது அம்மா. பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது கார் மோதியிருக்கிறது. மோதிய கார் நிற்கவில்லை. எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம். 40 நிமிடத்தில் போய்விட்டார்.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இது கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. இது உங்க ஊர் ரோட்டைப் பற்றியது.

2.
ஏ.ஆர். புக்கில் நான் எழுதியது: "நான்கு வழிச்சாலையைக் கடக்க முயன்றபோது அடையாளம் தெரியாத கார் மோதியதாகச் சொல்லப்படுகிறது."

பல வருஷமா இதே வாக்கியத்தை எழுதுறேன். பேர் மாறும், வயசு மாறும், வண்டி மாறும். "கடக்க முயன்றபோது" மட்டும் மாறாது. ஏதோ செய்யக்கூடாத காரியத்தைச் செய்யப் பார்த்த மாதிரி. அந்த அம்மா எதையும் "முயல"வில்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

3.
வெளியே நின்ற மகன் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: "அம்மா பாத்துதான் சார் கடப்பாங்க. நாப்பது வருஷமா அதே இடத்துலதான் கடக்குறாங்க."

உண்மை. நாற்பது வருஷத்துக்கு முன் அது புளியமர நிழலில் கிடந்த ரெண்டு வழி ரோடு. பிறகு மரத்தை வெட்டினோம், நாலு வழி ஆக்கினோம், நடுவில் மீடியன் வைத்தோம். ஆனால் ஊர் அங்கேயேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் பால் சொசைட்டி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம். ரோட்டை மாற்றியவர்கள் யாரும் அந்த அம்மா பாலை எங்கே போய் ஊற்றுவார் என்று யோசிக்கவில்லை.

4.
இந்த இழையில் நான் சொல்லப்போவது ஒரே விஷயம்.

ஒரு சாலையில் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை அதன் அகலத்தையும் வண்டியின் வகையையும் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அதன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யணும். வீடா, பள்ளியா, சந்தையா, வெறும் வயக்காடா?

சுருக்கமா: வாசல் இருக்கிற ரோட்டில் வேகம் இருக்கக்கூடாது. வேகம் இருக்கிற ரோட்டில் வாசல் இருக்கக்கூடாது. நாம் ரெண்டையும் ஒரே ரோட்டில் வைத்துவிட்டு, செத்தவர்கள் மேல் பழி போடுகிறோம்.

5.
"பாத்து கடக்கக்கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

நாலு வழிச்சாலையில் ஒரு பக்கம் 7 மீட்டர். ஓரத்து ஷோல்டர் 1.5 மீட்டர். மொத்தம் 8.5 மீட்டர். மூட்டு தேய்ந்த 62 வயதுக்காரர், கையில் பால் கேனோடு, நொடிக்கு 0.85 மீட்டர் நடந்தால் கடக்க 10 நொடி ஆகும்.

100 கி.மீ. வேகத்தில் வரும் கார் 10 நொடியில் 278 மீட்டர் வந்துவிடும். அதாவது விடிகாலை இருட்டில், கால் கிலோமீட்டருக்கும் அப்பால் தெரியும் ரெண்டு வெளிச்சப் புள்ளியைப் பார்த்து, அதன் வேகத்தைக் கணித்து, முடிவெடுத்து அவர் காலை எடுத்து வைக்கணும். கண்ணில் புரை இருந்தால்? உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

6.
இப்போ டிரைவர் பக்கம் வருவோம். ஆள் தெரிந்து பிரேக்கில் கால் வைக்க 1 நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல பிரேக். வண்டி முழுசா நிற்க ஆகும் தூரம் ஏறக்குறைய:

30-ல் வந்தால் 13 மீட்டர்
50-ல் வந்தால் 28 மீட்டர்
80-ல் வந்தால் 58 மீட்டர்

இதில் கவனிங்க. 30-ல் வந்த வண்டி முழுசா நின்றுவிட்ட அதே இடத்தில், 50-ல் வந்த வண்டி இன்னும் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கவில்லை. முழு வேகத்தில் மோதும். "வெறும் 20 கி.மீ. வித்தியாசம்தானே" என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்க.

7.
மோதினால் உடம்புக்கு என்ன ஆகும்? இயற்பியலில் ஒரு எளிய ஒப்பீடு உண்டு. ஒரு வேகத்தில் மோதுவது எத்தனை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்?

30 கி.மீ.: மூன்றரை மீட்டர். முதல் மாடி.
50 கி.மீ.: கிட்டத்தட்ட 10 மீட்டர். மூணாவது மாடி.
80 கி.மீ.: 25 மீட்டர். எட்டாவது மாடி.

எட்டாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் பால்கனி கட்டிவிட்டு, "பாத்து நில்லுங்க" என்று ஒரு போர்டு மாட்டினால் அந்த இன்ஜினியரை என்ன செய்வோம்? ஊருக்கு நடுவே 100-ல் போகும்படி ரோடு போட்டுவிட்டு "மெதுவாகச் செல்லவும்" என்று போர்டு மாட்டுவது அதேதான்.

8.
அமெரிக்காவில் 2011-ல் வந்த ஓர் ஆய்வு, நடந்துபோகிறவர்மேல் வண்டி மோதும் வேகத்தையும் மரண வாய்ப்பையும் ஒப்பிட்டது. மோதும் வேகம் 37 கி.மீ. என்றால் 10-ல் ஒருவர் இறக்கிறார். 51 என்றால் நாலில் ஒருவர். 68 என்றால் பாதிப் பேர். 80-ல் நாலில் மூணு பேர். வயதானவர்களுக்கு இதைவிட மோசம்.

கேஷுவாலிட்டியில் நான் பார்ப்பதும் இதுதான். குறைந்த வேகம் என்றால் முட்டிக்குக் கீழே எலும்பு முறிவு. நாங்கள் "பம்பர் ஃபிராக்சர்" என்போம். ஆர்த்தோ டாக்டர் பிளேட் வைப்பார், ஆறு மாசத்தில் நடந்துவிடுவார்கள். வேகம் கூடினால் காலோடு இடுப்பு, அதோடு தலை. அப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

9.
வேகம் ஒரு டோஸ், நண்பர்களே. ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கணும். 10 கிலோ குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "குழந்தைக்கு ஒத்துக்கல" என்று சொல்லும் டாக்டரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

வயக்காட்டு ரோட்டுக்கும் பள்ளிக்கூட ரோட்டுக்கும் ஒரே டோஸ் எழுதிக்கொடுத்துவிட்டு, "மக்களுக்கு ரோடு சென்ஸ் இல்ல" என்று சொல்பவர்களை மட்டும் ஏன் சும்மா விடுகிறோம்?

10.
கணக்கைப் பார்ப்போம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491. இதில் நடந்துபோனவர்கள் 32,825. ஒரு நாளைக்கு 90 பேர். ஹெல்மெட் போடு, சீட் பெல்ட் போடு என்று சொல்கிறோம். நிச்சயமா போடணும். ஆனால் நடந்து போகிறவருக்கு எதைப் போடச் சொல்வது?

தமிழ்நாட்டில் அதே வருஷம் 64,105 விபத்து. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மரணம் 17,884. தினமும் 49 பேர்.

11.
தேசிய நெடுஞ்சாலை என்பது நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் வெறும் 2 சதவீதம்தான். மரணத்தில் 36 சதவீதம் அதில்தான் நடக்கிறது. போக்குவரத்து அதிகம் என்பதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாலைகள் எத்தனை ஊர்களை ரெண்டாகக் கிழித்துக்கொண்டு போகின்றன என்று ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க.

அறிக்கை சொல்லும் காரணம்: மரணத்தில் 71 சதவீதம் "ஓவர் ஸ்பீடிங்". சரி. அந்த வேகத்தை யார் கொடுத்தது? டிரைவர் மட்டும்தானா?

12.
வண்டி ஓட்டும்போது நாம் போர்டைப் பார்த்து ஓட்டுவதில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறோம். நேரான ரோடு, அகலமான லேன், நடுவில் மீடியன், கண்ணுக்கெட்டின தூரம் வரை தார். கால் தானா அழுத்தும். நம் நாட்டுச் சாலை விதிகளின்படி சமவெளியில் ஒரு தேசிய நெடுஞ்சாலை வடிவமைக்கப்படும் வேகமே 100 கி.மீ.

100-க்கு வடிவமைத்த ரோட்டில், ஊர் முகப்பில் 40 என்று ஒரு வட்டப் போர்டு. ரோடு "வா வா, போ போ" என்கிறது. போர்டு "மெதுவா" என்கிறது. எது ஜெயிக்கும்? ரோடுதான். எப்பவுமே ரோடுதான்.

13.
விதிமுறையைப் பாருங்க. 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதிகபட்ச வேகத்துக்கு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. காருக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120. மீடியன் வைத்த நாலு வழிச்சாலையில் 100. நகராட்சி எல்லைக்குள் 70. "மற்ற சாலைகள்" 70.

அந்த அட்டவணையில் பள்ளிக்கூடம் என்ற சொல் இல்லை. சந்தை இல்லை. கிராமம் இல்லை. நாலு வழிச்சாலை உங்க ஊருக்கு நடுவே போனால் அது நாலு வழிச்சாலை மட்டுமே, ஊர் கணக்கில் வராது. உங்க பஞ்சாயத்துத் தெரு? அது "மற்ற சாலை". உங்க வீட்டுத் திண்ணைக்கு முன்னால் 70-ல் போனாலும் அந்த அட்டவணைப்படி குற்றமில்லை!

2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னது. அதற்கும் ஒரு விபத்து வழக்குதான் காரணமாக இருக்க வேண்டியிருந்தது.

14.
"மேலே முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன செய்ய முடியும்?" என்று நினைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆவது பிரிவு, எந்தச் சாலையிலும் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

சென்னை அதைச் செய்தது. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை புது வேக வரம்பு கொண்டுவந்தது. கார் 60, பைக் 50, கனரக வாகனம் 50, ஆட்டோ 40. குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30. இந்தக் கடைசி வரிக்கு மனமாரப் பாராட்டு. ரோட்டோரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிய வரி அது ஒன்றுதான்.

ஆனால் 30 என்று எழுதினால் போதுமா? அந்தத் தெரு 30-க்கான தெருவாக இருக்கா?

15.
இருந்தால் எப்படி இருக்கும்? சென்னைக்காரர்கள் தி.நகர் பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்க. 2019-ல் அதே சாலையை மாற்றி அமைத்தார்கள். நடைபாதையை அகலமாக்கி, வண்டிக்கான இடத்தைக் குறைத்தார்கள். கடைத்தெருவைக் கடைத்தெருவாக மதித்து ரோடு போட்டார்கள்.

அங்கே யாராவது 70-ல் போறாங்களா? போக முடியாது. போலீஸ் நிற்க வேண்டியதில்லை, கேமரா வேண்டியதில்லை. ரோடே சொல்லிவிடுகிறது. இதைத்தான் உங்க ஊர் சந்தைக்கும், பள்ளிக்கூட வாசலுக்கும், பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்கிறேன்.

16.
கோளாறு எங்கே? ரோடு போடுவது ஒரு துறை. ரோட்டோரத்தில் என்ன கட்டலாம் என்று அனுமதி கொடுப்பது வேறு துறை. முதல் துறைக்கு ரோட்டின் அகலம் தெரியும், ஊர் தெரியாது. ரெண்டாவது துறைக்கு மனையின் அளவு தெரியும், அதன் வாசலில் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது அவர்கள் கவலை இல்லை.

விளைவு? 100-ல் போகும் சாலையைப் பார்த்து ஸ்கூல் கேட். அதற்கு எதிரே கல்யாண மண்டபம். பக்கத்தில் டீக்கடை, பிரியாணிக் கடை. எல்லாவற்றுக்கும் முறைப்படி அனுமதி. மூகூர்த்த நாளில் மண்டபத்துக்கு வந்து கேஷுவாலிட்டிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

17.
"அதுக்குத்தானே பைபாஸ் போடுறோம்?"

போடுகிறோம். பத்து வருஷத்தில் ஊர் பைபாஸுக்கு வந்துவிடுகிறது. சென்னையின் நூறடி ரோடு ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே சுற்றிப்போகப் போட்டது. இன்று வடபழனியும் கோயம்பேடும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஓ.எம்.ஆர். ஆறு வழிச்சாலை. ரெண்டு பக்கமும் ஐ.டி. கம்பெனி, காலேஜ், அப்பார்ட்மென்ட். அதில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் தினமும் எப்படியோ குறுக்கே போய்த்தான் ஆகணும்.

பைபாஸ் போட்ட அன்றே "இதன் ஓரத்தில் வாசல் திறக்கக்கூடாது, சர்வீஸ் ரோடு வழியாத்தான்" என்று உறுதியாக நிற்கணும். நிற்க முடியாவிட்டால், வாசல் திறந்த அன்றே அந்த ரோட்டின் வேகத்தையும் வடிவத்தையும் மாற்றணும். ரெண்டும் இல்லாமல் இருப்பதுதான் இன்றைய நிலை.

18.
"ரோட்டோட வகையை எல்லாம் அவ்வளவு சீக்கிரம் மாத்த முடியாது டாக்டர்" என்பார்கள்.

அப்படியா? 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. என்ன நடந்தது? சண்டிகரில் நகரத்துக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளை "மாவட்டச் சாலை" என்று காகிதத்தில் பெயர் மாற்றினார்கள். ஒரு பேனாக் கோட்டில் சாலை வகை மாறியது. கடை பிழைத்தது.

மதுக்கடைக்காக ஒரு சாலையின் வகையை மாற்ற முடியும் என்றால், பள்ளிக்கூடத்துக்காக ஏன் முடியாது?

19.
நம்ம ஊர் தீர்வு எல்லாருக்கும் தெரியும். ஜவுளிக்கடை விளம்பரம் போட்ட இரும்பு பேரிகார்டு. நாலு வழிச்சாலையில் குறுக்கும் நெடுக்கும் வைத்து வண்டியை நெளிந்து போகவைப்பது. போலீஸைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் பிணத்தைத் தூக்குகிறவர்கள் அவர்களும்தான். ஏதாவது செய்யணும் என்று கையில் கிடைத்ததை வைக்கிறார்கள்.

ஆனால் அந்த பேரிகார்டு ஒரு வாக்குமூலம். "இந்த இடத்துக்கு இந்த ரோடு பொருந்தவில்லை" என்ற வாக்குமூலம். ராத்திரியில் வெளிச்சம் இல்லாமல் நிற்கும் அதே பேரிகார்டில் மோதியவர்களுக்கும் நான் தையல் போட்டிருக்கிறேன்.

20.
அடுத்து "பிளாக் ஸ்பாட்". தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருஷத்தில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து நடக்கணும். அல்லது 10 பேர் சாகணும். அப்போதுதான் அந்த இடம் பட்டியலில் ஏறும்.

ஒரு தெருவில் 10 பேர் டெங்குவில் செத்த பிறகுதான் கொசு மருந்து அடிப்போம் என்று சுகாதாரத்துறை சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்று முன்னாடியே தெரியும். பள்ளிக்கூட வாசலில் 100-ல் வண்டி போனால் என்ன நடக்கும் என்றும் முன்னாடியே தெரியும். பிணத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க அவசியமே இல்லை.

21.
இப்போ வழக்கமா வரும் எதிர்வாதங்கள்.

"நடைமேம்பாலம் கட்டியிருக்கோம், ஏறமாட்டேங்குறாங்க."

லாரி போகும் உயரத்துக்கு மேலே கட்டணும் என்பதால் 40 படிக்கு மேல் ஏறி, 40 படிக்கு மேல் இறங்கணும். மூட்டு வலிக்கு என்னிடம் வரும் அம்மாவிடம் நானே "படி ஏறாதீங்க" என்றுதான் சொல்கிறேன். அவரைப் பால் கேனோடு ஒரு நாளைக்கு ரெண்டு முறை 160 படி ஏறி இறங்கச் சொல்கிறது ரோடு. எஞ்சின் இருக்கிற வண்டி மேலே ஏறட்டும். கால் இருக்கிறவர் சமதரையில் நடக்கட்டும்.

22.
"ராங் சைடுல வர்றாங்களே, மீடியனை உடைக்கிறாங்களே?"

தப்புதான். அதில் அடிபட்டு வரும் பையன்களை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. எதிரே 20 அடியில் இருக்கும் தன் வயலுக்குப் போக 2 கி.மீ. போய் யு டர்ன் போட்டு 2 கி.மீ. திரும்பி வரணும் என்றால் நீங்கள் தினமும் செய்வீர்களா? ஒரே இடத்தில் ஊரே தப்பு செய்கிறது என்றால், அது ஆளின் தப்பு இல்லை, அந்த இடத்தின் தப்பு. மக்கள் மீடியனை உடைத்த இடம்தான் ஊர் கடக்கும் இடம். ரோடு போடுவதற்கு முன் அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

23.
"ஊருக்கு ஊர் மெதுவா போனா எப்போ போய்ச் சேர்றது?"

கணக்குப் போடுவோம். ஊருக்குள் 1 கி.மீ. தூரத்தை 100-ல் கடக்க 36 நொடி. 40-ல் கடக்க 90 நொடி. வித்தியாசம் 54 நொடி. வழியில் இப்படி 20 ஊர் என்று வைத்தாலும் 18 நிமிடம். வேகம் குறைத்து ஏற்றும் நேரத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மோட்டலில் ஒரு காபி குடிக்கும் நேரம்.

அந்தக் கால் மணி நேரமும் வேண்டாம் என்றால் முறையான வழி இருக்கு. வேலி போட்டு, சர்வீஸ் ரோடு போட்டு, ஊர்க்காரர்களுக்கு சமதரையில் கீழ்ப்பாலம் விட்டு, மேலே தாராளமா 100-ல் போங்க. செலவாகும். இப்போ அந்தச் செலவை அந்த அம்மா மாதிரி ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

24.
"வேகத்தடை போட்டா இடுப்பு போகுது டாக்டர்."

போகும். கண்டபடி போட்டால் உயிரே போகும். ராத்திரியோடு ராத்திரியா தாரைக் கொட்டி, வெள்ளைக்கோடு இல்லாமல் போட்ட மேட்டில், பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து வந்த பெண்கள் தூக்கி எறியப்பட்டு ஹெட் இஞ்சுரியோடு வருவதை மாசா மாசம் பார்க்கிறேன்.

இதற்கும் அளவு இருக்கு. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25-ல் போனால் நோகாமல் ஏறி இறங்கும். அதுவும் உள்ளூர்த் தெருவுக்கு. நெடுஞ்சாலைக்கு வேறு வழிகள்: ஊர் முகப்பிலேயே லேனைக் குறுக்குவது, ரவுண்டானா, நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு, நல்ல விளக்கு. டிரைவருக்கு "ஊருக்குள்ள வந்துட்டோம்" என்று கண் சொல்லணும்.

25.
"ஆம்புலன்ஸும் லேட்டாகுமே?" என்று என்னிடமே கேட்பார்கள்.

என் பதில்: ஆம்புலன்ஸ் தேவைப்படும் ஆட்களைக் குறைக்கும் விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 108 இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தமிழ்நாட்டு மருத்துவராக எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் எட்டாவது மாடியிலிருந்து விழுந்தவருக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. பள்ளத்துக்குக் கீழே ஆஸ்பத்திரி கட்டுவது நல்ல காரியம்தான். மேலே வேலி போடுவது அதைவிட நல்ல காரியம்.

26.
"இதெல்லாம் வெளிநாட்டுல சரி, நம்ம சனங்களுக்கு ஒத்து வராது."

நெதர்லாந்து பிறக்கும்போதே இப்படி இல்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300. அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அரசு ரோட்டைப் பிரித்தது. பயணத்துக்கு ஒரு வகை ரோடு, குடியிருப்புக்கு ஒரு வகை, ரெண்டையும் இணைக்க ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் தனி வேகம், தனி வடிவம். இப்போது வருஷத்துக்கு 700-ஐ ஒட்டி நிற்கிறது.

ஹெல்சிங்கி நகரில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர். பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 கி.மீ. 2025 ஜூலையோடு முடிந்த ஒரு வருஷத்தில் அங்கே சாலை மரணம் பூஜ்யம். அங்கேயும் மனுஷங்கதான் வண்டி ஓட்டுறாங்க.

27.
சரி, நாம் என்ன செய்யலாம்?

ஒன்று. அடுத்த கிராம சபையில், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எதுவானாலும், உங்க ஊர் கடக்கும் இடங்களைப் பட்டியல் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுங்க. பள்ளி, பஸ் ஸ்டாப், பால் சொசைட்டி, கோவில், ரேஷன் கடை.

ரெண்டு. அந்தத் தீர்மானத்தைக் கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்க. "போர்டு வைங்க" என்று கேட்காதீங்க. "இந்த இடத்தில் வண்டி 40-க்கு மேல் போக முடியாதபடி ரோட்டை மாற்றுங்க" என்று கேளுங்க.

28.
மூணு. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் விதித்த தரத்தைப் பின்பற்றாமல் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு 1 லட்சம் என்பது கேலிக்கூத்துதான். ஆனாலும் "ரோடும் குற்றவாளியாகலாம்" என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. உங்க வீட்டில் யாருக்காவது நடந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைக் கேளுங்க.

நாலு. உங்க ஊருக்கு வரும் வேட்பாளரிடம் "ரோடு அகலப்படுத்துங்க" என்று மட்டும் கேட்காதீங்க. அகலப்படுத்தினால் குறுக்கே எப்படிப் போவது என்றும் கேளுங்க.

29.
என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நானும் கார் ஓட்டுகிறேன். அந்த அம்மா அடிபட்ட அதே ரோட்டில், அதே ஊரைத் தாண்டி, 100-ல் பல முறை போயிருக்கிறேன். அங்கே ஒரு ஊர் இருப்பதையே நான் கவனித்ததில்லை. ட்யூட்டிக்கு லேட் என்று போன நாளும் உண்டு. என் காருக்கு முன்னால் அன்று அவர் வரவில்லை. நான் நல்ல டிரைவர் என்பதால் இல்லை. அது தற்செயல்.

நல்லவர்களையும் கொலைகாரர்களாக்கும் ரோடு ஒன்று இருந்தால், திருத்த வேண்டியது நல்லவர்களை மட்டும் இல்லை.

30.
போன வாரம் அந்த வழியா வந்தேன். அந்த இடத்தில் நிறுத்தினேன். மீடியனில் ஊர்க்காரர்கள் கம்பியை வளைத்து வைத்த சந்து அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒரு அம்மா, கையில் கேனோடு, வரும் வண்டிகளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் இருந்த மூணு நிமிஷமும் அவர் நின்றார். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்.

அவர் ஓடாமல், நடந்து போகும் ரோடு வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்க ஊரில் இப்படி ஓட வைக்கும் இடம் எது? கீழே எழுதுங்க. நம் எல்லாருக்கும் தெரிந்த இடங்கள்தான் அவை. அடுத்த ஏ.ஆர். எழுதுவதற்கு முன்னாடி, ஊர் பேரோடு ஒரு பட்டியலாவது கையில் இருக்கட்டும்.

பாத்துப் போங்க. அதைவிட முக்கியம், மெதுவா வாங்க.